ஒரே சுவரில் இரண்டு உரிமங்கள்

"மணி எட்டாச்சு... இன்னும் கீழே பாத்திரம் உருட்டுற சத்தந்தான் கேக்குது! கடையை யாரு திறக்கறது, நானா?"

மாடிப்படியில் நின்று சுஸான் போட்ட சத்தம் அந்த ஜெர்ஸி சிட்டி வீட்டின் இரண்டு தளத்துக்கும் கேட்டது. கீழ்த்தளத்துச் சமையலறையில் நெர்மீன் வெந்த ஃபூல் பயற்றை மசித்து, எலுமிச்சை பிழிந்து, சீரகம் தூவிக்கொண்டிருந்தாள். தவக்காலம் பாதி தாண்டியிருந்தது. பாலும் முட்டையும் இல்லாத வீட்டில் பயறும் ரொட்டியும்தான் காலை உணவு. ஆனால் இன்று அதைத் தொடவேண்டிய ஒன்பது வயது யூஸ்தினா போர்வைக்குள் சுருண்டு அனத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணி கூப்பிடறாங்க. காது கேக்கலையா?" ஓட்டுநர் கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டான் ஆதெஃப். விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வாடகைக் கார் அவனுடையது.

"நல்லாக் கேக்குது. உன் பொண்ணுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குதே, அது உனக்குத் தெரியுதா?"

"இன்னைக்கு மட்டும் சமாளிச்சுக்கோ நெர்மீன். அண்ணன் கோவிச்சுக்குவார்..."

"உங்க அண்ணன் கோவிச்சுக்காத நாள் எது?"

அதற்குள் சுஸானே இறங்கி வந்துவிட்டாள். ஆதெஃபின் அண்ணன் வகீஹுடைய மனைவி. வீடு அவர்களுடையது, மூன்று தெரு தள்ளி இருந்த பார்மசியும் அவர்களுடையது.

"காய்ச்சலா? நானும் மூணு பெத்தவதான். என்னைக்காவது கடைக்கு வரலைன்னு சொன்னேனா? படிச்ச மகாராணிக்கு மட்டும் எல்லாம் பெரிசு!" என்று பொரிந்தபடியே குழந்தையின் நெற்றியில் கை வைத்தாள். "கிளம்பு, கிளம்பு. நான் பாத்துக்கறேன். நின்னு என் மூஞ்சியைப் பாக்காதே!"

நெர்மீன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மார்ச் மாதக் குளிர் முகத்தில் அறைந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது குளிராலா வேறெதனாலா என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை.

எகிப்தில், அஸ்யூத் நகரத்து அரசு மருத்துவமனையில், மருந்துப் பிரிவுக்கே அவள்தான் பொறுப்பு. பச்சைக் குழந்தைகளுக்கான அளவைப் பெரிய மருத்துவர்களே அவளிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வார்கள். குலுக்கலில் அமெரிக்க விசா விழுந்தபோது தெருவே கைதட்டியது. இங்கே வந்து இறங்கியதும் பட்டம் வெறும் காகிதமானது. வெளிநாட்டில் படித்தவர்கள் முதலில் ஒரு சமநிலைத் தேர்வு எழுத வேண்டும். அதை ஒரே முயற்சியில் முடித்தாள். அப்புறம் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினியோடு பேசவேண்டிய அந்தத் தேர்வு அவளை ஐந்து முறை தோற்கடித்தது. பகலெல்லாம் ஒரு ரொட்டிக் கடையில் காபி ஊற்றி, பேருந்தில் போகும்போதும் வரும்போதும் தனக்குத்தானே ஆங்கிலத்தில் பேசி, ஆறாவது முறை ஜெயித்தாள்.

அதன் பிறகுதான் பயிற்சி உரிமம் தபாலில் வந்தது. ஒரு பார்மசியில், உரிமம் பெற்ற மருந்தாளுநரின் கண்பார்வையில், ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் மணி நேரம் வேலை பார்த்து அவரிடம் கையெழுத்து வாங்கினால்தான் கடைசித் தேர்வுகளை எழுதமுடியும். இருபது கடை ஏறி இறங்கினாள். "இங்கே படிச்சவங்களைத்தான் எடுக்கறோம்" என்றார்கள். "மணி நேரம் தர்றோம், சம்பளம் கேக்கக்கூடாது" என்றார்கள். ஒருவன் கூச்சமே இல்லாமல், கையெழுத்துப் போட அவள்தான் தனக்குப் பணம் தரவேண்டும் என்றான்.

அப்போதுதான் வகீஹ், "வெளியாள் காலில எதுக்கு விழணும்? நான் இருக்கேன்ல? என் கடைக்கு வா" என்றார். ஆதெஃப் அண்ணனின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதான். நெர்மீனும் அழுதாள். அன்றைக்கு அது நன்றிக் கண்ணீர்.

எட்டு மாதமாயிற்று. கடை திறப்பதும், மருந்து எண்ணுவதும், காப்பீட்டுக் கம்பெனிக்காரர்களோடு போனில் மல்லுக்கட்டுவதும், கடைசியில் தரையைத் துடைப்பதும் அவள்தான். சம்பளம் என்ற பேச்சே எழவில்லை. கீழ்த்தளத்தைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்திருக்கிறாரே என்று அவளும் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரியில் விரேனா வந்தாள். சுஸானுடைய அண்ணன் மகள். பக்கத்து ஊரில் பிறந்து, இங்கேயே கல்லூரி முடித்தவள். அவளுக்கும் கடைசித் தேர்வுகளுக்கு முன் கொஞ்சம் பயிற்சி நேரம் பாக்கியிருந்தது. நல்ல பெண். ஆனால் கைக்கு வேலை பழகவில்லை. பொடி மருந்தில் எவ்வளவு தண்ணீர் விட்டுக் குலுக்குவது என்பதிலிருந்து நெர்மீன்தான் சொல்லிக்கொடுத்தாள். இருவருடைய பயிற்சி உரிமங்களும் கவுண்டருக்குப் பின்னால் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒரே மாநிலம், ஒரே முத்திரை, ஒரே வாசகம். பெயர் மட்டும்தான் வேறு.

யூஸ்தினாவுக்குக் காய்ச்சல் கண்ட அந்த நாளில்தான், மதியம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த விரேனா சாதாரணமாகக் கேட்டாள்:

"ஆன்ட்டி, உங்களுக்கு வந்துடுச்சா? எனக்கு இப்பத்தான் பேங்க்ல ஏறியிருக்கு."

"என்னது?"

"சம்பளம்தான். எனக்கு மணிக்கு இருபத்திரண்டு டாலர். உங்களுக்குக் கூட இருக்கும், இல்ல? நீங்கதானே எனக்கே கத்துத்தர்றீங்க!"

நெர்மீன் கையிலிருந்த மாத்திரைத் தட்டைக் கீழே வைத்தாள். அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. "ஐயோ ஆன்ட்டி... எனக்குத் தெரியாது... சத்தியமாத் தெரியாது..." என்று தடுமாறினாள்.

"உன் மேல என்னம்மா தப்பு?" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, நெர்மீன் நேரே வகீஹ் உட்கார்ந்திருந்த பின்னறைக்குப் போனாள்.

"டாக்டர்," என்றாள்; எகிப்தில் மருந்தாளுநரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஒண்ணு கேக்கணும். விரேனாவும் இன்டர்ன், நானும் இன்டர்ன். அவளுக்குச் சம்பளம். எனக்கு?"

வகீஹ் கண்ணாடியைக் கழற்றினார். "அவ இங்கே படிச்சவம்மா. சம்பளம் இல்லாம வரமாட்டா, வேற கடை தூக்கிட்டுப் போயிடும். வெளிநாட்டுல படிச்சவங்களுக்கு இந்த ஊர்ல மணி நேரம்தான் சம்பளம். நான் வந்தப்போ யூனியன் சிட்டில ஒருத்தன்கிட்ட ஒரு வருஷம் சும்மா வேலை பார்த்தேன். அவன் கார்ல விழுந்த பனியைக்கூட நான்தான் வழிச்சுப் போட்டேன். என்ன குறைஞ்சு போயிட்டேன்?"

"அன்னைக்கு உங்களுக்கு அது நியாயம்னு பட்டுதா?"

"நியாயமா! உரிமம் வந்துது, கடை வந்துது. அவ்வளவுதான். போ, வெளியே ஆள் நிக்குது."

அடுத்த நாள் மதிய இடைவேளையில், தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு மாநில உரிம அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண்ணின் குரலில் அலுப்பு இருந்தது, ஆனால் பதில் தெளிவாக இருந்தது. இங்கே படித்த இன்டர்ன், வெளியே படித்த இன்டர்ன் என்று எங்களுக்கு இரண்டு கணக்கு இல்லை. சம்பளம் எங்கள் வேலை இல்லை. ஆனால் வேலை வாங்கினால் கூலி கொடுக்கத்தான் வேண்டும், அதைக் கேட்கத் தொழிலாளர் துறை இருக்கிறது. எண் வேண்டுமா?

நெர்மீன் எண்ணை எழுதிக்கொண்டாள். ஆனால் கூப்பிடவில்லை. கணவனின் கூடப்பிறந்தவர் ஆயிற்றே... மணி நேரம் முடியட்டும், கையெழுத்து வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வாரம் மணி நேரம் முடிந்தது. படிவத்தைப் பூர்த்தி செய்து வகீஹிடம் நீட்டினாள். "வீட்டுல வச்சுப் பார்த்துட்டுத் தர்றேன்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை ஆதெஃப் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான்.

"நெர்மீன்! அண்ணன் பக்கத்து ஊர் பயோன்ல இன்னொரு கடை திறக்கறார்! நீதான் அதுக்குப் பொறுப்பு! உரிமம் வந்த அன்னைக்கே உக்காரலாம்!"

"சம்பளம்?"

"அது... விரேனாவுக்குத் தர்றதைத் தர்றாராம். மூணு வருஷத்துக்கு. அப்புறம் கூட்டித் தருவார். குடும்பத்துக்குள்ளே தானே?"

"உரிமம் வாங்கின மருந்தாளுநருக்கு இன்டர்ன் சம்பளம்! சரி. கையெழுத்து?"

ஆதெஃப் பார்வையைத் திருப்பிக்கொண்டான். "நீ சரின்னு சொன்னா உடனே போட்டுடுவாராம்..."

நெர்மீன் சிரித்தாள். பார்த்த ஆதெஃபுக்கே பயமாக இருந்தது.

"ஒன்பது மாசம் என் காலு வீங்கி வீங்கி வடிஞ்சுது ஆதெஃப். அந்த நேரம் எனக்குச் சொந்தம். எனக்குச் சொந்தமானதை எனக்கே விக்கறாரா உங்க அண்ணன்? முடியாதுன்னு சொல்லு."

"முடியாதுன்னா என்ன பண்ணுவே? கையெழுத்து இல்லைன்னா அத்தனையும் காத்துல போயிடும்!"

"போகட்டும்! வேற இடத்துல இன்னொரு ஆயிரத்து நானூறு பாக்கறேன். மறுபடி தரை துடைக்கறேன். ஆனா மூணு வருஷத்துக்கு என்னை எழுதிக் கொடுக்கமாட்டேன்!"

மறுநாள் அவள் கடைக்குப் போகவில்லை. எட்டு மணிக்கு மாடியிலிருந்து சத்தமும் வரவில்லை. பேருந்து ஏறி ஒவ்வொரு கடையாகப் போனாள். நான்காம் நாள், லுர்தெஸ் என்ற போர்ட்டோரிக்கோ அம்மாளின் சின்ன பார்மசியில், "சம்பளத்தோடதான் வருவேன்" என்று நிமிர்ந்து நின்று சொன்னாள். அந்த அம்மாள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பின்னே? ஈஸ்டர் முடிஞ்சதும் வா" என்றாள்.

புனித வாரம் செவ்வாய்க்கிழமை வகீஹுக்குத் தொழிலாளர் துறையிலிருந்து கடிதம் வந்தது. சம்பளம் தராமல் ஓர் ஊழியரை வேலை வாங்கியதாகப் புகார், விளக்கம் தேவை.

வீடு இரண்டுபட்டது. வகீஹ் படியில் நின்று கத்தினார்: "என் கூரைக்குக் கீழே படுத்துக்கிட்டு எனக்கே குழி தோண்டறா! என் தம்பி பொண்டாட்டி!" தெருவில் இருந்த எகிப்தியக் குடும்பங்கள் எல்லாம் கேட்டன.

ஆதெஃப் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். முகம் வெளிறியிருந்தது. "நீ எழுதலைன்னு சொல்லு."

"எழுதலை."

"யூஸ்தினா தலையில கை வச்சுச் சொல்லு!"

நெர்மீன் அவனையே பார்த்தாள். பதினான்கு வருடத் திருமணம். அவனுடைய கார்க் கடனுக்காக வளையல்களைக் கழற்றிக் கொடுத்த கை, மகளின் தலைக்கு அருகில்கூடப் போகவில்லை.

"மாட்டேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளை நம்ப உனக்குச் சத்தியம் வேணும்னா, அப்படிப்பட்ட நம்பிக்கை எனக்கு வேண்டாம். எழுதியிருந்தா, ஆமா எழுதினேன்னு உங்க அண்ணன் மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருப்பேன். எழுதியிருக்கணும்... அதுதான் நான் பண்ணின தப்பு!"

அந்த வாரம் முழுக்க ஆதெஃப் கூடத்து சோபாவில் படுத்தான். பெரிய வெள்ளிக்கிழமை மகளோடு தனியாகத் தேவாலயத்துக்குப் போனாள் நெர்மீன். பெண்கள் பகுதியில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. முன்வரிசையில் இருந்த சுஸான் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வேகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஈஸ்டர் அன்று மதியம் ஆதெஃப் தயங்கித் தயங்கி வந்தான். "மேல எல்லாரும் சாப்பிட உக்காந்தாச்சு. வா... அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சுது. நாளைக்கே எல்லாம் சரியாயிடும்."

"வர்றேன். ஆனா மன்னிப்புக் கேக்க இல்லை" என்றாள்.

தன்னிடம் இருந்ததிலேயே நல்ல உடையான பச்சைப் பட்டை உடுத்தி, தலை வாரி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். எகிப்தியத் திருச்சபையின் ஐம்பத்தைந்து நாள் நோன்புக்குப் பிறகு வந்த விருந்து. நெய்யில் பொரித்த ரொட்டியும் சோறும் இறைச்சியும் அடுக்கிய ஃபத்தா மணத்தது. மேசையில் வகீஹ், சுஸான், அவர்களுடைய பிள்ளைகள், விரேனா.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றாள் நெர்மீன்.

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று விரேனா மட்டும் மெல்லச் சொன்னாள்.

"அண்ணே, விருந்துக்கு வரலை. என் படிவத்தை வாங்கிட்டுப் போக வந்தேன். உங்க கடைக் கணினியைத் திறந்து பாருங்க. ஒன்பது மாசமாப் போன மருந்துல பாதிக்கு மேல என் பேர்தான் இருக்கு. நான் உழைச்சது பொய்னா கிழிச்சுப் போடுங்க. உண்மைன்னா கையெழுத்துப் போடுங்க. இதுக்கு நடுவுல பேரம் எதுவும் கிடையாது."

வகீஹ் மேசையில் ஓங்கி அடித்தார். "அரசாங்கத்துக்கு என்னைக் காட்டிக் கொடுத்துட்டு, கையெழுத்தும் கேக்கறியா? என்ன தைரியம் உனக்கு!"

"நெர்மீன், போதும்..." என்றான் ஆதெஃப்.

"போதும்னு அவளை ஏன்டா சொல்றே? உங்க அண்ணனைச் சொல்லு!"

எல்லோரும் திரும்பினார்கள். சுஸான் எழுந்து நின்றிருந்தாள்.

"அவ எழுதலை. நான் எழுதினேன்."

"சுஸான்!"

"நான்தான்! என்ன பண்ணுவீங்க? வீட்டை விட்டுத் துரத்துவீங்களா?"

விறுவிறுவென்று படுக்கையறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு தாள்கள். ஒன்று புதியது. மற்றொன்று மடிப்பில் மஞ்சளாகி, ஓரம் நைந்தது. இரண்டையும் புருஷனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க மேசை இழுப்பறையில சாவி தேடப் போனேன். இவ படிவம் கிடந்துது. அதுக்கு அடியில இது. என்னோடது! பதினாறு வருஷத்துக்கு முன்னாடி நீங்க கையெழுத்துப் போடாம வச்சது! 'இப்ப என்ன அவசரம் சுஸான்... பிள்ளை சின்னது சுஸான்... கடை கொஞ்சம் நிமிரட்டும் சுஸான்...' நானும் கெய்ரோவுல பார்மசி படிச்சவதான்! அது இந்தப் பிள்ளைங்களுக்காவது தெரியுமா? கல்லாவுல நின்னு நின்னு அம்மான்னா கல்லாக்காரின்னே நினைச்சுட்டாங்க!"

அவளுடைய மூத்த மகன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

சுஸான் நெர்மீன் பக்கம் திரும்பினாள். கண்ணீர் தாடையில் வழிந்தது. "உன்னைப் பாக்கப் பாக்க எனக்கு எரிஞ்சுதுடி... ஆறு தடவை பரீட்சை எழுதினியே, நான் ரெண்டாவது தடவையிலேயே தேறி, மணி நேரமும் முடிச்சவ... ஆனா கையெழுத்து வாங்கத் தைரியம் இல்லாதவ. அந்த எரிச்சல்லதான் தினமும் உன்னைக் குத்தினேன். ஆனா அந்த இழுப்பறையைத் திறந்த அன்னைக்கு... உன் தாளு என் தாளு மேல படுத்திருந்துது. இன்னும் பதினாறு வருஷத்துல நீயும் படியில நின்னு எவளையாவது பாத்துக் கத்துவே. எனக்குத் தாங்கலை."

"அக்கா..." என்றாள் நெர்மீன். "ஒரு வாரம் எல்லாரும் என்னைப் பேசறப்போ ஏன் சும்மா இருந்தீங்க?"

"பயம்! வேற என்ன? இருபது வருஷப் பழக்கம் ஒரு வாரத்துல போயிடுமா? என்னை மன்னிச்சுடு... என்னை மன்னிச்சுடுடி..."

நெர்மீன் மேசையைச் சுற்றி ஓடி அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். யூஸ்தினா இருவருடைய இடுப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வகீஹ் அந்த மஞ்சள் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நெர்மீனின் படிவத்தில் கையெழுத்திட்டார். மற்றொன்றிலும் போடப் போனவரை சுஸான் தடுத்தாள்.

"வேண்டாம். அது இப்ப செல்லாது. நான் முதல்லேர்ந்து எழுதிக்கறேன்."

நெர்மீன் தாளை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே ஓடிவந்தான் ஆதெஃப். "நெர்மீன்... நான் முட்டாள். என்னை மன்னிச்சுடு... உன் காலைப் பிடிச்சுக்கறேன்!"

"காலைப் பிடிக்க வேண்டாம். உங்க அண்ணன் என்னைத் தெரு முழுக்கக் கேக்கத் திட்டினார். நீ அந்தத் தெருவுக்குச் சொல்லு, என் பொண்டாட்டி பொய் சொல்லலைன்னு. அதுக்கப்புறம் சோபாவை விட்டு எந்திரிச்சு வா."

அவன் சொன்னான். அந்த வாரமே, தேவாலய முற்றத்தில், எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, உரக்கச் சொன்னான்.

ஈஸ்டருக்கு மறுநாள், எகிப்தியர்கள் கொண்டாடும் வசந்தத் திருநாள் காலையில், கீழ்த்தளக் கதவைத் தட்டியது வகீஹ். எப்போதும் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறவர், சாயம் பூசிய முட்டைகளையும் ஓர் உறையையும் கையில் வைத்துக்கொண்டு தானே வந்து வாசலில் நின்றார்.

"ஒன்பது மாசச் சம்பளம். விரேனாவுக்கு என்னவோ அதே" என்றார். உள்ளே வரவில்லை. "நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன். அந்த யூனியன் சிட்டிக்காரன் காரைத் துடைச்சப்போ, முடியாதுன்னு ஒரு வார்த்தை எனக்கு வாயில வரலை. உனக்கு வந்துது. எனக்குக் கோவம் அதுலதான்."

நெர்மீன் உறையை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. தனக்குச் சேரவேண்டியதற்கு எதற்கு நன்றி? ஆனால் கதவை அகலத் திறந்து, "உள்ளே வாங்க அண்ணே, தேநீர் போடறேன்" என்றாள்.

லுர்தெஸ் அம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னபோது, "அப்போ உரிமம் வாங்கிட்டே வா, இடம் இருக்கு" என்று அவள் தோளைத் தட்டினாள். கோடையில் நெர்மீன் இரண்டு தேர்வுகளையும் முடித்தாள். முடிவு வந்த அன்று ஆதெஃப் காரின் ஒலிப்பானை விடாமல் அழுத்தித் தெருவையே வெளியே வரவழைத்தான். வகீஹ் பயோன் கடையைப் பற்றி மறுபடி கேட்டபோது, "ஊர்ல மத்தவங்களுக்கு என்ன தர்றாங்களோ அதைத் தந்தா யோசிக்கறேன்" என்றாள். அவர் யோசிக்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டார். அவள் அதுவரை லுர்தெஸிடம் வேலை பார்த்தாள். கடைசியில் எழுத்தில் எல்லாம் போட்டுக் கையெழுத்தான பிறகுதான் பயோன் கடையில் கால் வைத்தாள்.

இரண்டாவது வருடம் சுஸான் சமநிலைத் தேர்வில் தேறினாள். பேச்சுத் தேர்வுக்காகக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து சத்தமாக ஆங்கிலம் பேசிக்கொண்டிருப்பாள். மருந்து வாங்க வருகிறவர்கள் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று பயப்படுவார்கள்.

அப்படி ஒரு நாள், லாகூரிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றான். சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் புதிய பயிற்சி உரிமம். எத்தனை கடை ஏறி இறங்கி வந்திருக்கிறான் என்பதை அவனுடைய காலணிகளே சொல்லின.

"மேடம், நான் வெளிநாட்டுல படிச்சவன். எனக்குச் சம்பளம் எதுவும் வேண்டாம். மணி நேரம் மட்டும் கிடைச்சாப் போதும்..." என்றான் ஒரே மூச்சில்.

பின்னறையில் சுஸானின் ஆங்கிலம் நின்றது.

நெர்மீன் அவனுடைய உரிமத்தை வாங்கி ஒருமுறை படித்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"அப்படின்னா இங்கே உங்களுக்கு வேலை இல்லை தம்பி. சம்பளம் வாங்கிக்கறவங்களைத்தான் நாங்க எடுக்கறோம். வெளியே போயிட்டு, நல்லா யோசிச்சுட்டு, மறுபடி உள்ளே வந்து கேளுங்க."

அவன் விழித்தான். வெளியே போனான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்தான்.